‘இன்னைக்கு வேண்டாம்’ என்று யார் சொல்வது?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் சென்னையில் விடியற்காலையில் நடக்கும் ரோயிங் பயிற்சியைப் பற்றி எழுதியிருந்தேன். 1867-ல் தொடங்கிய, அடையாற்றங்கரையில் இருக்கும் மெட்ராஸ் போட் கிளப்பும், போரூரில் துடுப்புப் போடக் கற்கும் பிள்ளைகளும் அதில் வந்தார்கள். அதற்கு வந்த கடிதங்களில் பதக்கத்தைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. பிள்ளை பத்திரமாகக் கரை திரும்புமா என்று கேட்டவர்கள்தான் அதிகம். பல வருடம் பிள்ளைகளைத் தண்ணீருக்கு அனுப்பிவிட்டுக் கரையில் காத்திருந்தவள் நான். அந்தக் கேள்வி எவ்வளவு கனமானது என்று எனக்குத் தெரியும். முடிந்தவரை விரிவாகப் பதில் சொல்கிறேன்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ரோயிங் சேர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். சுமாராக நீந்துவாள். நேரில் போய்ப் பார்த்தேன். காக்ஸாக, அதாவது துடுப்புப் போடாமல் திசை பார்த்துச் சொல்பவனாக, உட்கார்ந்திருந்த பையனைத் தவிர ஒருவரும் லைஃப் ஜாக்கெட் போடவில்லை. மனசு பதறுகிறது. அனுப்பலாமா?
*– ஒரு தாய், மந்தைவெளி*

அனுப்பலாம் அம்மா. ஆனால் பணம் கட்டுவதற்கு முன் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள்.

ஜாக்கெட் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். பந்தயப் படகில் துடுப்பின் கைப்பிடி ஒவ்வொரு இழுப்புக்கும் வயிறு, விலா வரை வந்து போகும். பருமனான ஜாக்கெட் போட்டால் கைப்பிடி அதில் சிக்கும். சிக்கினால் அதுவே படகைக் கவிழ்த்துவிடும். அதனால்தான் நன்றாக நீந்தத் தெரிந்த வீரர்கள் பல நாடுகளிலும் ஜாக்கெட் இல்லாமல் துடுப்புப் போடுகிறார்கள். அவர்களுக்கு மிதவை அந்தப் படகுதான். முன்பக்கமும் பின்பக்கமும் காற்று அடைபட்ட மூடிய அறைகள் இருக்கும், கவிழ்ந்தாலும் மூழ்காது. படகு முழுக்கத் தண்ணீர் நிரம்பி, சராசரி எடையுள்ள ஆட்கள் உட்கார்ந்திருந்தாலும் இருக்கையின் மேல்பாகம் நீர்மட்டத்துக்கு 5 செ.மீ.க்கு மேல் கீழே போகக் கூடாது என்று உலக ரோயிங் அமைப்பு அளவே வகுத்திருக்கிறது. துடுப்பும் மிதக்கும்.

இதெல்லாம் அந்த அறைகளின் மூடி இறுக்கமாக மூடியிருந்தால்தான். வெயிலில் மூடி விரிந்துபோய், அதன் மேல் டேப் ஒட்டி ஓட்டும் படகுகளை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மகள் ஏறப்போகும் படகின் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தயங்காதீர்கள்.

அடுத்தது நீச்சல். ‘சுமாராக’ என்பது போதாது. ரோயிங் உடையோடு 50 மீட்டர் நீந்த வேண்டும், 2 நிமிடம் கால் ஊன்றாமல் தண்ணீரில் மிதந்து நிற்க வேண்டும், தண்ணீருக்கு அடியில் 5 மீட்டர் போக வேண்டும் என்பது பிரிட்டிஷ் ரோயிங் அமைப்பின் பாதுகாப்பு வழிகாட்டியில் உள்ள அளவு. நம் ஊருக்கும் அதுவே சரியான அளவு என்பேன். தண்ணீருக்கு அடியில் நீந்துவது எதற்கு என்று சிலர் கேட்பார்கள். கவிழ்ந்த படகுக்கு அடியிலிருந்து வெளியே வரத்தான். வேளச்சேரி நீச்சல் வளாகத்திலோ மெரினா நீச்சல் குளத்திலோ சேர்த்துவிடுங்கள். இந்த மூன்றும் கைவந்த பிறகு பந்தயப் படகு. அதுவரை அகலமான பயிற்சிப் படகில், ஜாக்கெட் போட்டுத்தான் உட்கார வேண்டும். பந்தய ஒற்றைப் படகு சுமார் 8 மீட்டர் நீளம், நீர்மட்டத்தில் ஒரு முழத்துக்கும் குறைந்த அகலம், எடை 14 கிலோவை ஒட்டி. இரண்டு துடுப்பையும் விட்டால் அடுத்த நொடி ஆள் தண்ணீரில் இருப்பார். கவிழுமா என்ற கேள்வியே அங்கே கிடையாது, என்றைக்குக் கவிழும் என்பதுதான். அதனால் அந்த முதல் கவிழ்தல் குளத்தில், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கும்போது, வேண்டுமென்றே நடக்க வேண்டும்.

அந்தப் பயிற்சியில் பிள்ளை கற்க வேண்டியவை இரண்டு. முதலாவது, காலை விடுவித்துக்கொள்வது. படகில் ஷூ பலகையோடு பொருத்தப்பட்டிருக்கும்; காலை அதற்குள் விட்டுத்தான் உட்கார வேண்டும். ஒவ்வொரு ஷூவின் குதிகாலையும் தனித்தனியாக ஒரு கயிறு பிடித்திருக்க வேண்டும். அது இருந்தால்தான் இழுத்ததும் கால் மட்டும் கழன்று வரும். கயிறு அறுந்திருந்தால் காலோடு ஷூவின் குதிகாலும் கூடவே எழும்பும், கால் கழன்று வராது, தலை தண்ணீருக்குள் இருக்கும். ஒரு முழம் கயிறு. இதை மாற்றாமல் படகை இறக்கும் கிளப்பை என்னால் மன்னிக்க முடியாது.

இரண்டாவது, படகை விடாமல் பிடித்துக்கொள்வது. கரை பக்கத்தில்தானே என்று நீந்தத் தோன்றும். நல்ல நீச்சல்காரருக்குத்தான் அந்த எண்ணம் முதலில் வரும். அடையாற்றில் அடியில் சேறு, ஓரத்தில் ஆகாயத்தாமரை. இழுப்பு எந்தப் பக்கம் என்று மேலே இருந்து தெரியாது. கவிழ்ந்த படகின் மேல் குப்புறப் படுத்து உடம்பைத் தண்ணீருக்கு மேலே ஏற்றிக்கொண்டு, கையை உயர்த்திக் காட்டிக்கொண்டு, மோட்டார் படகு வரும்வரை அங்கேயே இருக்க வேண்டும்.

அந்த மோட்டார் படகு வருகிறதா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய பெரிய கேள்வி. கரையில் சைக்கிளில் கூடவே போகும் கோச் நுணுக்கம் சொல்லித் தரலாம். ஆளைத் தூக்க முடியாது. மோட்டார் படகை ஓட்டுகிறவரின் காலிலோ இடுப்பிலோ கில் கார்டு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அவர் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்துவது அதுதான். படகில் எறிகயிறு இருக்க வேண்டும். தண்ணீரில் இருக்கும் பிள்ளையை நெருங்கும்போது எஞ்சின் நின்றிருக்க வேண்டும். காப்பாற்றப் போன படகின் விசிறியே காலைக் கிழித்துவிடக் கூடாது.

நீங்கள் பார்த்த காக்ஸ் பையன் ஜாக்கெட் போட்டிருந்தது நல்ல அடையாளம். அவன் படகின் முன்முனையில் படுத்துக்கொண்டு திசை பார்க்கும் காக்ஸ் என்றால் இன்னொன்றும் கேளுங்கள். தண்ணீர் பட்டதும் தானாக ஊதிக்கொள்ளும் ஜாக்கெட்டை அவனுக்குப் போடக் கூடாது. அந்தக் குறுகலான இடத்தில் அது ஊதிக்கொண்டால் அவனால் வெளியே வர முடியாது.

கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லி, “உங்க பொண்ணு நீச்சல் டெஸ்ட்ல தேறினாத்தான் போட்ல ஏத்துவோம்” என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்கிறார்களா? அங்கே தைரியமாகச் சேருங்கள்.

எங்கள் படகின் முனையில் இருந்த வெள்ளை ரப்பர் பந்து பிய்ந்துவிட்டது. “போட்டிக்கு முன்னாடி மாத்திக்கலாம்” என்கிறார்கள். அது அழகுக்குத்தானே?
*– பதினொன்றாம் வகுப்பு மாணவர், போரூர்*

இல்லை தம்பி. ரோயிங்கில் நீ போகிற திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாய். எதிரே வருகிறவனுக்கும் முதுகுதான் உன் பக்கம். அந்த முனை கூர்மையானது, ஒருவரின் முதுகில் ஏறினால் ஈட்டிதான். 4 செ.மீ. விட்டத்துக்குக் குறையாத அந்தப் பந்து அதற்காகத்தான் அங்கே இருக்கிறது. இன்றைக்கே மாற்றச் சொல். மாற்றும்வரை அந்தப் படகில் ஏறாதே. ஒற்றைப் படகு ஓட்டும்போது ஐந்தாறு இழுப்புக்கு ஒரு முறையாவது திரும்பிப் பார்க்கும் வழக்கத்தையும் இப்போதே பிடித்துக்கொள்.

அடையாற்றுத் தண்ணீரின் லட்சணம் ஊருக்கே தெரியும். மகன் அதில் தினமும் படகு விடுகிறான். கையெல்லாம் கொப்புளம். நோய் வராதா?
*– ஒரு தந்தை, சைதாப்பேட்டை*

உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. நான் பயப்படுவது எலிக்காய்ச்சலுக்கு. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் தோலில் உள்ள வெட்டு, கொப்புளம் வழியாகவோ கண், மூக்கு, வாய் வழியாகவோ உள்ளே போய்த் தொற்றும். மழை வடிந்த பிறகு வரும் வாரங்களில் அதிகம் வரும்.

கொப்புளம் உடைந்திருந்தால் அன்றைக்கு ஆற்றில் இறங்காமல் கரையிலேயே துடுப்பு இழுத்துப் பழகும் எர்கோ மெஷினில் பயிற்சி செய்யட்டும். உடையாத கொப்புளத்தை ஊசியால் குத்த வேண்டாம். கரைக்கு வந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவ வேண்டும். கழுவாத கையால் தண்ணீர் பாட்டிலின் வாயைத் தொடக் கூடாது. துடுப்பின் கைப்பிடியையும் துடைத்து வைக்க வேண்டும், அடுத்தவன் கொப்புளமும் அதில்தான் படப்போகிறது. டெட்டனஸ் ஊசி போட்டு 10 வருடம் ஆகிவிட்டதா என்று பாருங்கள்.

காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். போனதும் முதல் வாக்கியமாக “ஆத்துல படகு விடுறான்” என்று சொல்லுங்கள். தண்ணீர் பட்டு ஒரு வாரம், இரண்டு வாரம், சில சமயம் ஒரு மாதம் கழித்தும் காய்ச்சல் வரலாம் என்பதால் வீட்டில் யாருக்கும் அந்தத் தொடர்பு தோன்றாது. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டு நாளைக் கடத்தினால் சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் ஆபத்து.

கல்லூரி அணியில் லைட்வெயிட் பிரிவில் இருக்கிறேன். போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது 3 கிலோ அதிகமாக இருந்தேன். தண்ணீரை நிறுத்திவிட்டு, பிளாஸ்டிக் கோட் மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடச் சொன்னார் பயிற்சியாளர். ஓடினேன். எடை குறைந்தது. கரைக்கு வந்ததும் கண் இருட்டிக்கொண்டு விழுந்தேன். அடுத்த மாதம் இன்னொரு போட்டி. மறுபடியும் செய்யச் சொல்வார். மறுத்தால் அணியில் இடம் போய்விடும்.
*– பெயர் வேண்டாம், கிண்டி*

தம்பி, உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். செய்யாதே. அணியில் இடம் போனாலும் செய்யாதே.

லைட்வெயிட் ஆண்களுக்கு ஒருவர் 72.5 கிலோவைத் தாண்டக் கூடாது, அணியின் சராசரி 70. பெண்களுக்கு 59, சராசரி 57. உடல்வாகு சிறியவர்களுக்கும் ஒரு வாய்ப்பு இருக்கட்டும் என்று வந்த பிரிவு அது. பெரிய உடம்பைப் பிழிந்து சின்னதாக்குவதற்கு வந்தது அல்ல. 2024 பாரிஸோடு ஒலிம்பிக்கில் அந்தப் பிரிவு முடிந்தும்விட்டது. 2028-ல் லாஸ் ஏஞ்சலிஸில் கடற்கரை ரோயிங் வருகிறது.

இரண்டு நாளில் நீ குறைத்தது கொழுப்பு இல்லை, ரத்தத்தில் இருக்க வேண்டிய தண்ணீர். ரத்தத்தின் அளவு குறைந்தால் இதயம் வேகமாக அடித்துப் பார்க்கும், வியர்வை குறையும், உடம்பின் சூடு ஏறும். சென்னைக் காற்றின் ஈரப்பதத்தில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும், உடம்பு குளிராது. வெயில் ஏறாத காலை ஆறரை மணிக்கும் இங்கே ஆள் சுருண்டு விழ இதுதான் காரணம். அதன் மேல் பிளாஸ்டிக் கோட்டும் மாட்டினால் உடம்புக்குக் கடைசி வழியையும் அடைத்ததாக ஆகிவிடும். உனக்குக் கண் இருட்டியது கரையில். தண்ணீரின் நடுவில் இருட்டியிருந்தால்?

உன் தோழர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. கடும் பயிற்சியின்போது ஒருவன் சம்பந்தமில்லாமல் பேசினாலோ தள்ளாடினாலோ அது வெப்பத் தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வியர்த்துக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை காத்திருக்காமல் நிழலில் கிடத்தி, தலையிலிருந்து கால்வரை தண்ணீரை ஊற்றிக்கொண்டே, விசிறிக்கொண்டே இருங்கள். ஐஸ் இருந்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். நினைவு தப்பியவன் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பயிற்சியாளரிடம் தனியாகப் போய்ப் பேசாதே. அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு, மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு போ. கல்லூரி உடற்கல்வி இயக்குநரிடமும் ஒரு பிரதி கொடு. உன் உயரத்துக்கும் எலும்புக்கும் 75 கிலோதான் சரி என்றால் எடைக் கட்டுப்பாடு இல்லாத பிரிவில் ஓட்டு.

அந்தப் பயிற்சியாளர் இதைப் படித்தால் அவருக்கும் ஒன்று சொல்கிறேன். ஐயா, உங்களையும் ஒருவர் இப்படித்தான் ஓட வைத்திருப்பார். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து இந்தப் பையனுக்கும் ஆகாது என்று முடிவு கட்டாதீர்கள்.

எங்கள் கிளப்பில் மழை, இடி வரும்போது தண்ணீரில் இறங்கலாமா என்று தினமும் வாக்குவாதம். பயிற்சியாளர் போகலாம் என்பார், பெற்றோர் வேண்டாம் என்பார்கள். நடுவில் நாங்கள். என்ன விதி வைக்கலாம்?
*– ஒரு கிளப் நிர்வாகக் குழு உறுப்பினர், அடையாறு*

வாக்குவாதம் நடக்கிறது என்றால் விதி எழுதப்படவில்லை என்று பொருள். விடியற்காலையில், எட்டுப் பிள்ளைகள் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கும்போது எடுக்கும் முடிவு பெரும்பாலும் ‘போகலாம்’ என்றுதான் வரும். போட்டி நெருங்கிய வாரத்தில் கேட்கவே வேண்டாம். பயிற்சியாளரைக் குறை சொல்லவில்லை, அவர் கண் கடிகாரத்தில் இருக்கும். அதனால்தான் நிறுத்தும் அதிகாரத்தைப் பயிற்சி தராத ஒருவரிடம் கொடுங்கள் என்கிறேன். பாதுகாப்புப் பொறுப்பாளர் என்று ஒருவரை நியமியுங்கள். அவர் ‘இன்னைக்கு வேண்டாம்’ என்றால் தலைவரும் மாற்றக் கூடாது.

மின்னலுக்கு எழுதுவது சுலபம். மின்னலைப் பார்த்து எண்ணத் தொடங்குங்கள்; 30 நொடிக்குள் இடி கேட்டால் எல்லாப் படகும் கரைக்கு. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை யாரும் இறங்கக் கூடாது. விரிந்த நீர்ப்பரப்பில் உயரமாக இருப்பது துடுப்புப் போடுகிறவரின் தலைதான். படகும் துடுப்பும் கார்பன் ஃபைபர், மின்சாரம் பாயும். கரைக்கு வந்தவர்கள் மரத்தடியில் நிற்காமல் கட்டடத்துக்குள் போக வேண்டும். நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் அறிவிப்பையும் ‘தாமினி’ செயலியையும் இறங்குவதற்கு முன் பார்ப்பது பொறுப்பாளரின் வேலை.

அடையாற்றுக்கு இன்னும் ஒன்று எழுத வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும். மேலே செம்பரம்பாக்கம் ஏரியில் மதகு திறந்திருக்கும். 2015 டிசம்பரில் அந்த ஆறு என்ன செய்தது என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வளவு தண்ணீர் வர வேண்டும் என்று அவசியமும் இல்லை. உபரிநீர் திறப்பு அறிவிப்பு வந்த நாளில் படகு இறங்கக் கூடாது என்று எழுதிவிடுங்கள். மிதந்து வரும் மரக்கிளை ஒன்று போதும். ஓட்டத்தில் பாலத் தூணோடு படகு அழுந்தினால் ஆள் நடுவில் மாட்டிக்கொள்வார். கடலை ஒட்டிய பகுதியில் ஓட்டுகிறவர்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பலமாக ஏறி இறங்கும் என்பதையும், முகத்துவாரத்தின் மணல் திட்டை வெட்டிவிட்ட நாட்களில் இழுப்பு மாறும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. இதுதான் எனக்கு முக்கியம். படகில் இருப்பவர்களில் யார் “நிறுத்துங்க” என்றாலும் துடுப்பு நிற்க வேண்டும், சொன்னது நேற்றுச் சேர்ந்த பிள்ளையானாலும். ஏன் சொன்னாய் என்று கரைக்கு வந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம், அதுவும் திட்டாமல். ஒரு முறை திட்டிவிட்டால் அடுத்த முறை உண்மையான ஆபத்திலும் அந்தப் பிள்ளை வாய் திறக்காது.

தங்கைக்கு 16 வயது. ரோயிங் பயிற்சியாளர் இரவு பத்து மணிக்கு மேல் தனியாக மெசேஜ் அனுப்புகிறார். ஆரம்பத்தில் பயிற்சி பற்றி, இப்போது வேறு விஷயங்கள். எடை பார்க்கத் தனியறைக்கு வரச் சொன்னாராம். போகவில்லை. அம்மாவிடம் சொன்னால் விளையாட்டையே நிறுத்திவிடுவார்கள் என்று அழுகிறாள்.
*– ஓர் அக்கா, நகரின் பெயரும் வேண்டாம்*

உன் தங்கை அந்த அறைக்குப் போகாமல் இருந்ததும், உன்னிடம் சொன்னதும் பெரிய காரியம் அம்மா. முதலில் அவளிடம் அதைச் சொல். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

மெசேஜ்களை அழிக்க வேண்டாம், படம் பிடித்து வை. அவருக்குப் பதில் எழுத வேண்டாம், எச்சரிக்கவும் வேண்டாம். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 2012-ன் போக்சோ சட்டம் இருக்கிறது. பாலியல் நோக்கத்தோடு தொடர்ந்து மெசேஜ் அனுப்புவதும் அதில் குற்றம். குற்றம் நடந்தது தெரிந்தும் போலீஸுக்குச் சொல்லாமல் இருப்பவர் மீதும் அந்தச் சட்டம் பாயும். ‘கிளப்பின் பெயர் கெடும்’ என்று மூடி மறைக்க நிர்வாகிகளுக்கு உரிமை இல்லை. 1098-ஐக் கூப்பிடு, குழந்தைகளுக்கான உதவி எண் அது. அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கும் போகலாம். அம்மாவிடம் நீயும் கூட உட்கார்ந்து பேசு. “விளையாட்டை நிறுத்த வேண்டியது அவர்தான், இவ இல்லை” என்று சொல்.

பதினெட்டைத் தாண்டிய வீராங்கனைகளுக்கும் சொல்கிறேன். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ன் சட்டத்தில் விளையாட்டு நிறுவனம், மைதானம், போட்டி நடக்கும் இடம் எல்லாம் பணியிடம் என்றே வருகின்றன. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

கிளப்புகள் செய்ய வேண்டியது: பயிற்சி பற்றிய செய்தி எல்லாம் பெற்றோரும் இருக்கும் குரூப்பில் மட்டும். பிள்ளையைத் தனியாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. வெளியூர்ப் போட்டிக்குப் பெண் பிள்ளைகள் போனால் பெண் பொறுப்பாளர் கூடப் போக வேண்டும். எடை பார்ப்பது பெண் உதவியாளர் முன்னால், ஆடையோடு. நல்ல பயிற்சியாளர் இதை அவமானமாக நினைக்க மாட்டார். அவரையும் இது காப்பாற்றும்.

வயது 61. ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது ரோயிங் கற்கலாமா?
*– பெசன்ட் நகர் வாசகர்*

தாராளமாக, ஐயா. முதலில் இதய மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்தால் அதைப் பயிற்சியாளரிடம் சொல்லிவைக்க வேண்டும். இரண்டு மாதம் எர்கோவில் முதுகு வளையாமல் இழுக்கப் பழகிவிட்டு அகலமான படகில் தொடங்குங்கள். இந்த விளையாட்டில் அதிகம் அடிபடுவது கீழ்முதுகுதான். நீச்சல் அளவு மேலே மந்தைவெளித் தாய்க்குச் சொன்னதேதான், வயதுக்காகக் குறைக்க மாட்டேன். தண்ணீரில் தனியாக மட்டும் போகாதீர்கள். கிளம்பும்போது படகுத்துறையில் இருக்கும் நோட்டில் பெயர், படகு, கிளம்பும் நேரம், திரும்பும் நேரம் எழுதுங்கள், வந்ததும் அடித்துவிடுங்கள். அங்கே அப்படி ஒரு நோட்டு இல்லையென்றால் முதல் நாளே ஒன்று வாங்கிக் கொண்டுபோய் வையுங்கள்.